நான்காவது கட்டம்

செப்டம்பர் 2, செவ்வாய்

சபை வேனின் இடது வைப்பர் வேலை செய்யவில்லை. காலை நாலு இருபதுக்கு மழையில் பாதிக் கண்ணாடியை மட்டும் பார்த்து ஓட்டினேன். ஐந்து நிறுத்தங்கள், ஒன்பது பேர். மூடிப்போன பொதுக் குளியல் கூடத்து வாசலில் யோம் அம்மா வழக்கம்போல முதல் ஆளாகக் குடையோடு நின்றிருந்தார். ஏறி உட்கார்ந்ததும் ஹீட்டரைக் கூட்டச் சொன்னார். செப்டம்பர் மாதத்தில்.

அதிகாலை ஜெபத்தில் விளக்கை அணைத்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த இரைச்சலிலும் யோம் அம்மாவின் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். முப்பத்து நாலு வருடமாக ஒரே விண்ணப்பம். வீட்டுக்காரர் ஆண்டவரிடம் வர வேண்டும். அவர் இப்போது பெரிய ஆஸ்பத்திரியில், கணையத்தில் புற்றுநோயோடு கிடக்கிறார். அதனால் குரல் முன்பைவிட ஓங்கியிருக்கிறது.

நான் உதட்டை அசைத்துக்கொண்டே வைப்பரை எங்கே மாற்றலாம் என்று யோசித்தேன்.

நாலு மாதமாக இப்படித்தான். எதுவும் நடக்கவில்லை, அதுதான் வெட்கம். யாரும் சாகவில்லை, யாரும் என்னை ஏமாற்றவில்லை, எந்தப் புத்தகமும் என் விசுவாசத்தைக் கெடுக்கவில்லை. மே மாதம் ஒருநாள் காலையில் ஜெபிக்க வாயைத் திறந்தேன், உள்ளே ஆள் இல்லை. அவ்வளவுதான். வெளியே யாருக்கும் தெரியாது. ஆறு வருடம் காப்பீட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் இருந்தவள் நான். 'உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது' என்பதை ஏழு விதமாகச் சொல்லப் பழகிய குரல் இது. ஆள் இல்லாவிட்டாலும் ஓடும்.

மதியம் இறையியல் கல்லூரியில் அடக்க ஆராதனைப் பயிற்சி. பாங் அண்ணன்தான் பிணம். நாற்பத்தேழு வயது, குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் கடையை மூடிவிட்டு என்னோடு ஊழியத்துக்குப் படிக்க வந்தவர். மேஜைமேல் படுத்த அஞ்சாவது நிமிடம் குறட்டை விட்டார். கில் பேராசிரியர் அவர் காலைத் தட்டிவிட்டு, என்னை ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்தேன். வகுப்பே ஆமென் என்றது. பேராசிரியர் அதைக் காட்டித்தான் பாடம் நடத்தினார். ஜெபம் பண்ணுகிறவருக்கு கேட்கிறவரிடமிருந்து ஆமென் வாங்கத் தெரிய வேண்டுமாம். ஆமென் வராத ஜெபம் ஒட்டாத தபால் உறையாம்.

ஹியோ-ரினிடம், அதாவது என்னிடம், கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

வைப்பர் மாற்றியாயிற்று. வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆஸ்பத்திரிப் பயிற்சி தொடங்கியது. இனி டிசம்பர் வரை செவ்வாயும் வியாழனும் நாங்கள் நாலு பேர் நோயாளிகளைச் சந்திக்க வேண்டும். இதில் தேறினால் பிப்ரவரியில் பட்டம், பிறகு குருப்பட்டத் தேர்வு. எங்கள் சபையின் ரோ போதகர் ஏற்கெனவே மூப்பர்களிடம் சொல்லி வைத்துவிட்டார். பட்டம் கிடைத்ததும் என்னை முழுநேர ஊழியத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். இப்போது நான் வெறும் உபதேசியார். ஞாயிறுபள்ளி, வேன், சமையலறை.

பயிற்சியை நடத்துகிறவர் ஆஸ்பத்திரிப் போதகர் பியோ அம்மா. குட்டை முடி, ரப்பர் செருப்பு. சிரிப்பதில்லை. ஆளுக்கு ஒரு கட்டு ஃபாரம் கொடுத்தார். ஒவ்வொரு சந்திப்பையும் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். முதல் கட்டம் இடம், நேரம். இரண்டாவது கட்டம் கண்டது. மூன்றாவது பேச்சு, ஜெபம் உட்பட. நான்காவது, ஜெபத்துக்கு நோயாளியின் மறுமொழி. அடியில் அச்சடித்திருக்கிறது: எல்லாக் கட்டங்களையும் நிரப்பவும்.

எனக்கு ஏழாவது மாடி. பட்டியலில் மூன்றாவது பெயர் சொக் மான்-ஹோ, அறுபத்தொரு வயது. யோம் அம்மாவின் வீட்டுக்காரர். தெரிந்தவர் என்று பியோ அம்மாவிடம் சொன்னேன். நேரில் பார்த்திருக்கிறாயா என்றார். ஒவ்வொரு ஞாயிறும் சபை வாசலில், காருக்குள் சிகரெட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் தெரிந்தவர் இல்லை, போ என்றார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அவர் முப்பது வருடம் சியோல் தடத்தில் விரைவுப் பேருந்து ஓட்டியவர். நான் ஜெபக் குழுவின் ஆள் என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வேன் ஓட்டுகிறவள் என்றதும் திறந்தார்.

"பன்னெண்டு சீட்டா? மேட்டுல சர்ச்சுக்கு ஏத்தறப்போ ரெண்டாவது கியர்ல இழுக்கறியா, முதல் கியரா?"

இரண்டாவது என்றேன். வண்டியைக் கொல்கிறாய் என்றார். முக்கால் மணி நேரம் கிளட்ச் பற்றிப் பேசினோம். அதன்பிறகு அவருக்கு நான் உபதேசியம்மா இல்லை, டிரைவர்.

அறிக்கையில் என்ன எழுதுவது? கிளட்ச் என்று எழுதினேன். நான்காவது கட்டத்தில் 'ஜெபம் ஏறெடுக்கப்படவில்லை' என்று போட்டேன். பியோ அம்மா அதை எங்கள் நாலு பேர் குழுவில் வாசிக்கச் சொன்னார். சக மாணவன் ஒருவன், போதகர் வீட்டுப் பிள்ளை, வாய்ப்பை நழுவவிட்டதாகச் சொன்னான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

முதல் கியரில் ஏற்றிப் பார்த்தேன். வேன் முனகவில்லை. போய்ச் சொன்னேன். பிறகென்ன என்பதுபோலக் கையை அசைத்தார். போன வாரத்தைவிட அவர் கண்ணில் மஞ்சள் கூடியிருக்கிறது.

சபைக்குள் ஏன் ஒருநாளும் வரவில்லை என்று கேட்டேன். வீட்டுக்காரி கேட்டாள், கொண்டு வந்து விட்டேன், காத்திருந்தேன், கூட்டிக்கொண்டு போனேன், டிரைவருக்கு அதுதான் வேலை என்றார். முப்பத்து நாலு வருடமும் அப்படித்தான் வாசல்வரை வந்திருக்கிறார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலை ஜெபம் — உதடு. மாலை ஜெபம் — உதடு. நடுவில் ஞாயிறுபள்ளிக்கு வண்ணக் காகிதம் வெட்டினேன்.

அக்டோபர் 2, வியாழன்

நடந்ததை நடந்தபடி இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மாலை மூன்று மணி. ஜன்னல் பக்கக் கட்டில். பக்கத்துக் கட்டில்காரரைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும். அவர் இன்று வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"டிரைவர். உங்க கம்பெனி ஜெபம் ஒண்ணு போடேன், பாப்போம்."

கிண்டலா, நிஜமா? தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. முகம் சிரிக்கவில்லை.

நான் கையைக் கோத்தேன், கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன். எத்தனையோ தடவை தானாக ஓடிய அந்தக் குரல் வரவில்லை. 'அன்புள்ள பரம பிதாவே' கூட வரவில்லை. அவர் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். எவ்வளவு நேரம் போனதோ.

"இன்னைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

குத்தலாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தேன். தூங்கினாரா, தூங்குவதுபோல இருந்தாரா, அதுவும் தெரியாது.

அக்டோபர் 3, வெள்ளி

அறிக்கையை முடித்துவிட்டேன். மூன்றாவது கட்டத்தில் ஒரு ஜெபம் எழுதினேன். எழுத உட்கார்ந்ததும் வந்தது, அதுதான் வேடிக்கை. பேனாவில் தடையே இல்லை. 'நெடுஞ்சாலையெல்லாம் பிறரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரை நீர் கொண்டுபோய்ச் சேர்த்தருளும்.' நல்ல வரிதான். கடைசியில் நான்காவது கட்டம் மிஞ்சியது.

ஆமென் என்று எழுதினேன்.

இரண்டு எழுத்தோ மூன்று எழுத்தோ எழுதி ஒரு கட்டத்தை நிரப்புவதற்கு நான் யோசித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. மார்க்குக்காகச் செய்தேனா? அதுகூட இல்லை. காலியாக இருந்தது, பார்க்க நன்றாக இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

அறுவடைத் திருநாள். அம்மா வீட்டில் அரிசிக் கொழுக்கட்டை. தூங்கினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

குழுவில் அறிக்கையை வாசித்தேன். பாங் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதகர் வீட்டுப் பிள்ளை, அந்த நெடுஞ்சாலை வரியை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டான். பியோ அம்மா பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு வாரம் கிளட்ச் பேசின ஆளு, நாலாவது வாரம் ஆமென் சொல்லியிருக்காரு. கிளட்சுக்கு அது பதில்னு நினைக்கறேன்."

அவர் வாயிலிருந்து பாராட்டு வந்தது இதுதான் முதல்முறை என்றார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

குழுவில் பேசியது குழுவோடு. அதுதான் விதி. ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

பாங் அண்ணன் உளறிவிட்டார்.

நேற்று மாலை லிஃப்டில் யோம் அம்மாவைப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தாராம். வீட்டுக்காரருக்கு நினைவு தப்பத் தொடங்கிவிட்டது, இனி பேச்சில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாங் அண்ணனால் தாங்க முடியவில்லை. அவர் ஆமென் சொல்லிவிட்டார் அம்மா, எங்கள் ஹியோ-ரின் ஜெபித்தபோது ஆமென் சொன்னார் என்று சொல்லிவிட்டார். விதியை மீறிவிட்டேன், ஆனால் எப்படிச் சொல்லாமல் இருப்பது தங்கச்சி என்று போனில் என்னிடமே கேட்டார்.

இன்று காலை குளியல் கூடத்து வாசலில் யோம் அம்மா குடை இல்லாமல் நின்றிருந்தார். பின்னால் ஏறவில்லை. முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை கியர்மேலிருந்து எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"சொன்னாரா?"

ம் என்றேன்.

இல்லை என்று சொல்லவும் அதே நேரம்தான் ஆகியிருக்கும். ஃபாரத்தில் எழுதியது அசட்டுத்தனம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்த 'ம்' அப்படி இல்லை. இதை நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

ஹீட்டரைக் கூட்டச் சொல்லவில்லை இன்று.

அக்டோபர் 24, வெள்ளி

சொக் மான்-ஹோ காலை ஒன்பதரைக்குக் காலமானார். எனக்குச் செய்தி வந்தபோது ஞாயிறுபள்ளிப் பெயர்ப் பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அக்டோபர் 25, சனி

சாவு மண்டபத்தில் சண்டை வரப்பார்த்தது.

தம்பி குவாங்-ஹோ தீவிலிருந்து படகில் வந்திருக்கிறார். உப்பளத்துக்காரர், கறுத்த மனிதர். பெரிய பெட்டியில் பேரிக்காய், காய்ந்த மீன், மது. அண்ணனுக்குப் படையல் வைத்து இரண்டு முறை தரையில் விழுந்து கும்பிட வேண்டும் என்று வந்தவர். மேஜைமேல் சிலுவை, வெள்ளைச் சாமந்தி, படத்தின் கீழே 'விசுவாசி சொக் மான்-ஹோ' என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். எங்கண்ணன் எப்போது விசுவாசியானார் என்று கேட்டார். யார் குரலும் உயரவில்லை. ரோ போதகர் அவரைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார். நான் சூப் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு கடந்தபோது தம்பியின் பதில் கேட்டது.

"அண்ணனே ஆமென்னு சொல்லிட்டாருன்னா, அப்புறம் நான் யாரு."

பெட்டியை மூடித் தூக்கி வெளி வாசலில் வைத்துவிட்டு வந்தார். வரிசையில் நின்று ஒரு சாமந்திப் பூவை வைத்தார். மற்றவர்கள்போலத் தலையைக் குனிந்தார். முழங்கால் ஒருமுறை மடங்கப் பார்த்தது, பிடித்துக்கொண்டார். பூ வைத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் நூற்றிருபது கிண்ணம் சூப் பரிமாறினேன். கிண்ணம் எண்ணுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

தகனம் முடிந்தது. ரோ போதகரின் பிரசங்கம், கடைசி நேரத்தில் வாசலைக் கடந்து உள்ளே வந்த ஒரு டிரைவரைப் பற்றி. சபை முழுக்க ஆமென். பெயர் சொல்லாமல் என்னையும் குறிப்பிட்டார். மூப்பர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வேன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

வரும் ஆண்டுப் பயிற்சிக் கையேட்டில் மாதிரி அறிக்கையாக என்னுடையதை அச்சிடுகிறார்களாம், பெயர்களை மாற்றி. கில் பேராசிரியர் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னார். நன்றி என்றேன். ஏழு விதத்தில் மூன்றாவது விதம்.

நவம்பர் 8, சனி

ஒன்றுமில்லை.

நவம்பர் 15, சனி

சபையில் குளிர்காலத்துக்குக் கிம்சி ஊறுகாய் போட்டோம். முந்நூறு முட்டைக்கோஸ். யோம் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே தொட்டி. மிளகாய் விழுதை இலைக்கு இலை தடவிக்கொண்டே பேசினார். இப்போது இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறதாம். அதிகாலையில் வந்து உட்கார்ந்தால் என்ன கேட்பது என்று தெரியவில்லையாம். இத்தனை வருடம் கேட்டது கிடைத்துவிட்டதே. அதனால் சும்மா நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"கொழுந்தனார்தான் பாவம். போன்ல பேசவே மாட்டேங்கறாரு. அவங்கண்ணன் நல்ல இடத்துல இருக்காருன்னு அவருக்குப் புரியணுமே."

ஒரு இலையை மடித்து, நடுவில் சிப்பி வைத்து, என் வாயில் ஊட்டினார்.

மென்றேன். விழுங்கினேன். என்னால விழுங்க முடிஞ்சுது பாரு. அதுதான். நான் இப்படியே இருபது வருஷம் ஊழியம் பண்ணுவேன், யாருக்கும் தெரியாது. நல்ல குரல், நல்ல ஜெபம், மூப்பருங்களுக்குப் பிடிச்ச பொண்ணு. ஒரு நாள் நானும் மறந்துடுவேன், அவர் ஆமென் சொன்னாருன்னு நானே நம்பிடுவேன். மே மாசம் உள்ளே ஆள் இல்லைன்னு தெரிஞ்சப்போ பயப்படல. இன்னைக்குப் பயமா இருக்கு.

நவம்பர் 18, செவ்வாய்

பியோ அம்மாவிடம் சொன்னேன். அவர் அறையில், கதவைச் சாத்தாமலே.

அவர் என்னுடைய பழைய அறிக்கையை எடுத்து மேஜைமேல் வைத்து, பென்சிலைக் கொடுத்தார். எதுவரை நிஜம் என்று கோடு போடச் சொன்னார். 'ஜெபம் ஒண்ணு போடேன்' என்பதற்கு அடியில் கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே முக்கால் பக்கம் இருந்தது.

ஒரு புது ஃபாரம் கொடுத்தார். எழுதினேன். வண்டி ஸ்டார்ட் ஆகலையா என்பதையும். நான்காவது கட்டத்தை விட்டுவிட்டேன். அவர் அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தொட்டார்.

"பதினெட்டு வருஷமா இந்த ஃபாரத்தைக் குடுக்கறேன். நாலாவது கட்டம் ஒருதடவைகூட காலியா வந்ததில்ல. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன்னையே திட்டிக்கொண்டதுபோல இருந்தது. கையேட்டிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். குழுவில் நானே வாசிக்க வேண்டும். கல்லூரி என்ன செய்யும் என்பதைக் கல்லூரி சொல்லும். எழுந்து வரும்போது, யோம் அம்மாவிடம் என்ன செய்வதென்று கேட்டேன்.

அதற்கு ஃபாரம் கிடையாது என்றார்.

நவம்பர் 20, வியாழன்

ரோ போதகரிடம் போனேன். கெட்டவர் இல்லை. டீ ஊற்றிக் கொடுத்தார். முழுவதும் கேட்டார். அவர் முகம் இரண்டு மூன்று தடவை மாறியது. கடைசியில், இந்தச் சபையில் அவர் பதினோரு வருடம் போதகர், யோம் அம்மா சிரித்து அவர் பார்த்தது இந்த ஒரு மாதம்தான் என்றார்.

"உனக்குப் பாரமா இருக்கு, இறக்கி வைக்கணும். சரி. அவங்க மடியிலதான் இறக்கி வைக்கணுமா?"

டீயைக் குடித்து முடித்தேன். அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தத் தம்பியின் முழங்கால் நினைவுக்கு வருகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்கே போனேன். சமையலறைத் தரையில் முள்ளங்கிக் கீரையை நூலில் கோத்துக் காயப்போடத் தயார் செய்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கோத்தேன். அஞ்சாறு கட்டு ஆன பிறகு சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் ஜெபம் போடச் சொன்னார், நான் ஜெபிக்கவே இல்லை, அவர் ஆமென் சொல்லவில்லை, ஃபாரத்தில் பொய் எழுதினேன், வேனில் உங்களிடம் பொய் சொன்னேன்.

அவர் கை நிற்கவில்லை. அந்தக் கட்டைக் கோத்து முடிச்சுப் போட்டார். பிறகு கேட்டார்.

"அவர் கேட்டாரா? ஜெபம் போடுன்னு கேட்டது நிஜமா?"

"அது நிஜம்மா. கிண்டலாக் கேட்டாரா, மனசாரக் கேட்டாரா, எனக்குத் தெரியல."

"ஆனா கேட்டாரு."

"கேட்டாரு."

"முப்பத்து நாலு வருஷத்துல என்கிட்ட ஒருதடவை கேட்டதில்ல." கீரையைக் கீழே வைத்தார். "உன்கிட்ட கேட்டிருக்காரு. நீ ஏன்டி குடுக்கல?"

என்னிடம் இல்லை, அதனால் கொடுக்கவில்லை என்றேன். மே மாதத்திலிருந்து இல்லை என்றேன்.

"இல்லாதவளுக்கு அங்க என்ன வேலை?"

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, வெளியே வரவும் இல்லை. நான் மிச்சக் கீரையைக் கோத்து முடித்து, கொடியில் தொங்கவிட்டு வந்தேன்.

பாரம் இறங்கவில்லை. ரோ போதகருக்குச் சொல்லவேண்டும்.

நவம்பர் 24, திங்கள்

நாலு இருபது. குளியல் கூடத்து வாசலில் ஆள் இல்லை. இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தேன். பின்னால் யாரோ, யோம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

நவம்பர் 25, செவ்வாய்

இல்லை. குழுவில் வாசித்தேன். பாங் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

நவம்பர் 26, புதன்

இல்லை.

நவம்பர் 29, சனி

இல்லை. முதல் பனி. மேட்டில் முதல் கியர்.

டிசம்பர் 2, செவ்வாய்

கல்லூரியின் முடிவு வந்தது. ஆஸ்பத்திரிப் பயிற்சி செல்லாது, முதலிலிருந்து. பிப்ரவரியில் பட்டம் இல்லை, ஆகஸ்டில் பார்க்கலாம். மூப்பர்கள் முழுநேர ஊழியத்துக்கு வேறு ஒருவரைத் தேடுகிறார்கள். வேன் சாவி மட்டும் இப்போதைக்கு என்னிடம். காலை நாலு மணிக்கு ஓட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

படிப்பை விட்டுவிடுகிறாயா என்று பியோ அம்மா கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாது என்று நீ சொல்லி இப்போதுதான் கேட்கிறேன், ஜனவரியில் வா என்றார்.

பாங் அண்ணன் கல்லூரி வாசலில் சூடான மீன் வடிவ ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தது அவர். நான் கேட்க வேண்டியது. இரண்டு பேரும் கேட்கவில்லை. ரொட்டி தின்றோம்.

டிசம்பர் 7, ஞாயிறு

குளியல் கூடத்து வாசலில் இரண்டு நிமிடம். பதினாலாவது நாள். ஆள் வராத நிறுத்தத்தில் எதற்கு நிற்கிறாய் என்று பின்சீட்டில் கேட்டார்கள். பழக்கம் என்றேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

யோம் அம்மா போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை.

"வியாழக்கிழமை அவர் போய் நாப்பத்தொன்பதாவது நாள். கொழுந்தனாரைப் படையல் வைக்க வரச் சொல்லியிருக்கேன். படகுத்துறையிலேர்ந்து, அவர் சாம்பலை வெச்சிருக்கற மண்டபத்துக்கு வண்டி வேணும்."

படையலுக்குச் சபை வேனா? ரோ போதகரிடம் கேட்டேன். டீசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள் என்றார்.

டிசம்பர் 11, வியாழன்

இடம், நேரம்: சாம்பல் மண்டபத்துச் சடங்கு அறை, காலை பதினொன்று. யோம் அம்மா, சொக் குவாங்-ஹோ, நான்.

கண்டது: அதே பெட்டி. பேரிக்காய், காய்ந்த மீன், மது. தம்பி எல்லாவற்றையும் தானே அடுக்கினார். யோம் அம்மா உதவி செய்யவில்லை, தடுக்கவும் இல்லை, சுவரோரம் கைப்பையோடு நின்றார். தம்பி இரண்டு முறை தரையில் விழுந்தார். இரண்டாவது முறை எழுந்திருக்கவில்லை. நெற்றி பாயில், தோள் குலுங்கியது. அண்ணே, அண்ணே என்றார். நாங்கள் காத்திருந்தோம். அவர் முகம் கழுவப் போனதும் யோம் அம்மா படத்தின் முன்னால் வந்தார்.

பேச்சு:

யோம் அம்மா: அன்னிக்கு அவர் கேட்டதை இன்னிக்குப் போடு.

நான்: எனக்கு இன்னும் வரலம்மா.

யோம் அம்மா: வர்றதைப் போடு. அவர் சொல்ல வேண்டிய ஆமென்னை நான் சொல்லிக்கறேன்.

கண்ணை மூடவில்லை. படத்தைப் பார்த்தேன். கால் சென்டர் குரல் வரவில்லை. என் தொண்டையிலிருந்து வந்தது கரகரவென்று, எனக்கே யாருடையதோபோல இருந்தது. 'ஆண்டவரே, இவர் என்னிடம் ஒரு ஜெபம் கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. இவரை நீரே பார்த்துக்கொள்ளும். இவர் நன்றாக வண்டி ஓட்டுவார்.' அவ்வளவுதான். யாருக்காவது கேட்டதா, தெரியாது. ஆனால் நான் சொன்னேன். உதடு இல்லை, நான்.

மறுமொழி: இல்லை.

சொல்கிறேன் என்றவர் சொல்லவில்லை. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், வரவில்லை. நான் காத்திருந்தேன். தம்பி திரும்பி வந்து பேரிக்காயை அறுத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தின்றோம்.

யோம் அம்மா வேனில் பின்னால் ஏறி, ஹீட்டரைக் கூட்டச் சொன்னார். குளியல் கூடத்து வாசலில் இறங்கும்போது, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டார். நாலு இருபது என்றேன். மூன்று வருடமாக அதே நேரம்தான்.